இரண்டு கையிலும் எடுக்க வேண்டிய ரத்தம்

அறுவை முடிந்த நான்காம் நாள் பிற்பகல், சொட்டு மருந்து ஏற ஆரம்பித்த கால் மணி நேரத்தில், என் மனைவி நூர்ஜஹானின் பற்கள் கிட்டிக்கொண்டன. உடம்பு உதறிய உதறலில் கட்டில் கம்பி கடகடவென்று அடித்தது. ஏசியை நிறுத்தினேன். இரண்டு போர்வை போர்த்தினேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. கல் நிறைந்த பித்தப்பையை வயிற்றைத் திறந்து எடுத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான், "விருந்தும் மருந்தும் மூணு நாள்தான் மச்சான், அதிராம்பட்டினத்துக்குக் கிளம்புவோம்" என்று நூரு கேலி பேசியிருந்தாள்.

நர்ஸ் வந்து பார்த்தார். "ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வரும் பாய். ஊசி போட்டாச் சரியாயிடும்." ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியது. இறங்கிய பிறகு பார்த்த காய்ச்சலைத்தான் அட்டையில் எழுதினார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். துபாயில் பதினோரு வருஷமும் வாயால்தான் பிழைத்தேன், இப்போது மளிகைக் கடையிலும் அப்படித்தான். மருத்துவமனையிலும் அதையே காட்டினேன். நூருவுக்கு நரம்பு அகப்படாது. ஒரு ஊசிக்கு நாலு இடத்தில் குத்துவார்கள். அவள் கத்த மாட்டாள், கண்ணை மூடிக்கொள்வாள். எனக்குத்தான் தாங்காது. மூன்றாம் நாள் கேனுலாவை (மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) மாற்ற வந்த நர்ஸிடம், "மருந்து ஒழுங்காத்தானே ஏறுது? எதுக்கு இன்னொரு இடத்துல குத்தணும்?" என்று சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து யாரும் அவசியமில்லாமல் எங்கள் அறையை எட்டிப் பார்ப்பதில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை மறுபடியும் நடுக்கம். அன்றைக்குப் பணியில் இருந்த இளம் டாக்டரம்மா கல்ச்சர் (ரத்தத்தைப் புட்டியில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து மணிக்கு ஆய்வகத்து ஆள் நாலு புட்டியோடு வந்து நின்றார்.

"காலையிலதான எடுத்துட்டுப் போனீங்க?"

"அது வேற டெஸ்ட் பாய். இது ரெண்டு கையிலயும் எடுக்கணும்."

"ரெண்டு கையிலயுமா? இந்தக் கையப் பாருங்க, குத்துறதுக்கு இடம் எங்க இருக்கு? டாக்டர வரச் சொல்லுங்க, பேசிக்கிறேன்."

அவர் கோப்பில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். டாக்டர் வரவில்லை. பணி நேரம் மாறி வேறு ஆட்கள் வந்தார்கள். எழுதியதை யாரும் படிக்கவில்லை. நூரு என் கையைப் பிடித்து, "நல்லவேளை மச்சான்" என்றாள்.

ஆறாம் நாள் காலை அவள் கண் விழித்து, "உம்மா எங்க? இப்பத்தான இங்க உக்காந்திருந்தாங்க" என்றாள். அவள் உம்மா மௌத்தாகி ஒன்பது வருஷம். ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. உள்ளங்கை சில்லென்றிருந்தது. மூத்திரப் பையில் விடியற்காலையில் பார்த்த அளவுதான் இருந்தது.

மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. நர்ஸ்கள் இருக்கும் மேசைக்கு ஓடினேன். "சிஸ்டர், பேச்சு மாறுது. மூச்சு வாங்குது."

"வரேன் பாய்" என்றார், எழுதுவதை நிறுத்தாமல். தினமும் கத்துகிறவன்தானே என்று அவர் நினைத்திருப்பார். அதில் தப்பும் இல்லை. நான் அன்று கத்தவில்லை. இரண்டு கையையும் கூப்பினேன். அப்போதுதான் அவர் எழுந்து என் முகத்தைப் பார்த்தார்.

ரத்த அழுத்தம் எழுபதுக்கு நாற்பது. பெரிய டாக்டர் வந்ததும் முதலில் இடது கையின் பிளாஸ்திரியைத்தான் பிரித்தார். குழாய் நுழைந்த இடம் சிவந்து, ஓரத்தில் சீழ் தெரிந்தது. "இது எப்ப வச்சது? கல்ச்சர் அனுப்பிட்டீங்களா?"

நர்ஸ் பக்கங்களைப் புரட்டினார். "பேஷண்ட் கூட இருக்கிற அட்டெண்டர் வேணாம்னுட்டாராம் சார்."

டாக்டர் அவரிடம், "அத நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கணும்ல?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாய், இந்தக் குழாய் வழியா ரத்தத்துல கிருமி போயிருக்கு. ஒரு நாள் போயிடுச்சு. இப்ப ரெண்டு கையிலயும் எடுக்கிறேன்" என்றார். செப்சிஸ் (ரத்தத்தில் பரவிய கிருமியால் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தடுமாறும் நிலை) என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இரண்டு கை ஏன் என்பதைப் பிறகு அவரே விளக்கினார். ஒரு கையில் மட்டும் கிருமி வந்தால் அது தோலில் ஒட்டியிருந்ததாக இருக்கலாம். இரண்டு கையிலும் ஒரே கிருமி வந்தால் அது ரத்தத்தில்தான் ஓடுகிறது. கேட்டிருந்தால் ஐந்தாம் நாளே அரை நிமிஷத்தில் புரிந்திருக்கும் விஷயம்.

ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. முதலில் உத்தேசமாக மருந்து கொடுத்தார்கள். சிறுநீரகம் நின்றுபோய் இரண்டு முறை டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) நடந்தது. அங்கே போன மூன்றாம் நாள் வந்த கல்ச்சர் அறிக்கையில் கிருமியின் பெயரும், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் இருந்தது. மருந்தை மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறவில்லை. அந்த அறிக்கை ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம். வராதபடி செய்தவன் நான்.

இதைப் படிக்கிற நீங்களும் யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரியில் இருக்கலாம். சண்டை போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நடுக்கம் வந்தால் குழாய் இருக்கும் இடத்தைப் பாருங்கள், மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். ரத்தம் எடுக்க வந்தால் எதற்கு என்று கேளுங்கள். வேண்டாம் என்று அனுப்பியிருந்தால், அந்தச் செய்தி டாக்டருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றாவது பாருங்கள்.

நூரு வீடு திரும்பினாள். அந்த ஒன்பது நாளும் அவள் நினைவில் இல்லை. பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், "என் மச்சான் மட்டும் பக்கத்துல இல்லாட்டி என்னைக் குத்தியே கொன்னிருப்பாங்க" என்று பெருமையாகச் சொன்னாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எல்லோரும் போன ஒரு மத்தியானம் முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. இரண்டு நாள் என்னிடம் அதிகம் பேசவில்லை. இருபத்தாறு வருஷமாக அவள் உடம்புக்கும் சேர்த்து நானே பேசிவந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குத் தஞ்சாவூர் போனோம். ரத்தம் எடுக்கும் அறை வாசலில் அவள் நின்றாள்.

"நீங்க வெளியில இருங்க மச்சான்."

கதவு முழுதாக மூடவில்லை. உள்ளே அவள் குரல் கேட்டது.

"இது எதுக்கு எடுக்கிறீங்க?"

அந்தப் பெண் ஏதோ விளக்கினாள். நூரு இன்னொன்று கேட்டாள். அதற்கும் பதில் வந்தது.

"சரி, எடுங்க" என்றாள்.