எறும்புகள் கைவிட்ட லைன்

உக்குவளைப் பக்கம் ஒரு கார்மென்ட் ஃபெக்டரியில் நான் சுப்பவைசராக இருந்தேன். எல்கடுவ மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எல்லோரும் என் லைனில்தான் தைத்தார்கள். நானும் அதே பஸ்தான்.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. கரண்ட் போகும், ஊரடங்கு போடுவார்கள், துணி ஏற்றிய லொறியை எங்காவது மறித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் எந்த லைன் எதைத் தைப்பது என்று முதலிலிருந்து பிரித்துப் போடவேண்டும். முன்பு அதை பிளானிங் அறையில் இருந்தவர் கத்திக்கொண்டே செய்வார். பிறகு கொழும்பிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்து, அந்த வேலைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தார். சிரித்த முகம், மரியாதையான மனிதர். எங்களைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் விளக்கினார். எறும்பு இரை தேடிப் போகையில் வழியில் ஒரு வாசனையை விட்டுப்போகுமாம். சீக்கிரம் போய்வரும் வழியில் வாசனை கூடும், மற்ற எறும்புகளும் அதிலேயே போகும். தாமதமாகும் வழியில் வாசனை காய்ந்துவிடும். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படித்தான், நேரத்துக்கு முடிக்கும் லைனுக்கே அடுத்த வேலை போகும் என்றார். தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் சீனிப் போத்தலைத் தண்ணீருக்குள் வைத்து வளர்ந்த எனக்கு எறும்பைப் பற்றிப் பாடம் தேவைப்படவில்லை. ஆனாலும் கெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன்.

எங்கள் பஸ்தான் நேரத்துக்கு வராது. வழியில் இருந்த சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டவேண்டும். கொலர் தைக்கும் பிள்ளைக்கு அட்டை இல்லை. அவள் பிறந்ததையே பதியாமல் விட்டிருந்தார்கள், தோட்டத்தில் அது புதினமில்லை. தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒன்றைத்தான் வைத்திருந்தாள். நல்ல சிப்பாய் என்றால் அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான். இல்லாவிட்டால் அவளை ஓரமாக நிறுத்தி, பெரியவர் வரட்டும் என்பான். பஸ் போகலாம் என்பான். நாங்கள் போகமாட்டோம். கொழுந்து மலையில் ஒருத்தி நிரை முடிக்காமல் பின்தங்கினால், ஆளுக்கொரு கை கொடுத்து முடித்துவிட்டுத்தான் எல்லோரும் இறங்குவார்கள். அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் நாங்கள். அவளைத் துவக்குகளுக்கு நடுவே விட்டுவிட்டு வருவதாவது? டிரைவரும் எங்கள் ஆள்தான், இஞ்சினை நிறுத்திவிட்டு வெற்றிலை போடுவார்.

புரோகிராமுக்கு இதெல்லாம் தெரியாது. லைன் நின்றது என்று மட்டும் தெரியும். முதலில் அவசர ஓடர்கள் எங்கள் கையை விட்டுப் போயின, பிறகு சாதாரண ஓடர்களும். பக்கத்து லைன்களில் துணி குவிந்து கிடந்தது. என் பிள்ளைகள் அவர்கள் தைத்ததில் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் எங்கள் லைனைக் கலைத்துவிடுவார்கள் என்று கதை அடிபட்டது.

இஞ்சினியரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு வந்தால் மற்றவர்கள் நேரத்துக்கு வந்துவிடலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

நான் லைனில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் நூல் வெட்டும் மேசைக்கு எல்லாக் கதையும் வந்துசேரும். அடுத்த திங்கட்கிழமை அவள் பஸ்ஸுக்கு வரவில்லை.

"அது தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சிருச்சுக்கா," என்றாள் அவளுடைய சிநேகிதி. "கொழுந்துக்குப் போகுதாம். நம்மள நேரத்துக்குப் போகச் சொல்லிச்சு."

அதன்பிறகு நேரத்துக்குப் போனோம். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. வேலை மட்டும் வரவில்லை. மறுபடியும் இஞ்சினியரிடம் போனேன். ஸ்கிரீனைப் பார்த்தபடியே அவர் தலையைச் சொறிந்தார். வாசனை காய்ந்த வழியில் எறும்பு போகாது, போனால்தானே அந்த வழி இப்போது நல்ல வழி என்று அதற்குத் தெரியும் என்றார். திருத்தலாம், பார்ப்போம் என்றார். பார்ப்பதற்குள் அவரை வேறு ஃபெக்டரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவளிடம் இதைச் சொல்லக்கூடாது என்று பஸ்ஸில் பேசிவைத்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைப்பக்கம் கண்டபோது அவளே கேட்டாள்.

"இப்ப லைனுக்கு வேலை வருதாக்கா?"

"வருது புள்ள. நெறைய வருது."

"அப்ப நான் நின்னது நல்லதாப் போச்சு," என்று சிரித்தாள். அவள் விரல்களில் கொழுந்துக் கறை ஏறியிருந்தது.

அந்த மாதமே லைனைக் கலைத்தார்கள். வேறு போக்கிடம் இல்லாமல், ஒரு காலையில் நானும் பிள்ளைகள் சிலரும் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் பேர் கொடுக்கப் போனோம். கொழுந்துக்காரர்களின் வரிசையில் அவள் கூடையோடு நின்றிருந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டாள்.