எல்லாருக்கும் ஒரே மெயில்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே மெயில்தான். அது என் மெயில். காலேஜ் விண்ணப்பமோ வேலை விண்ணப்பமோ, மின்னஞ்சல் கேட்கிற கட்டம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கடை மெயிலைத் தட்டிவிடுவேன். நான் மட்டும் இப்படிச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம், எங்கள் பக்கத்தில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். வருகிறவர்களுக்கு மெயில் இருக்காது. இருந்தால் பாஸ்வேர்ட் தெரியாது. புதிதாகப் போட்டுக் கொடுத்தாலும் அடுத்த மாசமே சிம்மை மாற்றிவிட்டு வந்து தலையைச் சொறிவார்கள். "உங்க மெயிலே இருக்கட்டும்க்கா, எதுனா வந்தா ஒரு போன் போடுங்க" என்பார்கள். நானும் போடுவேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. யாருக்குக் கவுன்சிலிங், யாருக்கு இன்டர்வியூ, யார் பெயிலானார் என்று அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். நல்ல சேதியை நான்தான் முதலில் சொல்வேன். சொன்ன வாயில் சர்க்கரை போடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். இன்றைக்கு பஸ் ஓடுமா ஓடாதா என்று காலையில் யாருக்கும் தெரியாது. என் அண்ணனும் நடுரோட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தவன்தான். எங்கள் ஜனங்களுக்கும் பங்கு வேண்டும் என்பதில் எனக்கும் அவனோடு சண்டை இல்லை. போராட்டம் சூடுபிடித்ததும் ஊரில் எல்லாருக்கும் சாதிச் சான்றிதழ் ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா காலத்துப் பத்திரத்தையும் கிழிந்த டீசியையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். ஸ்கேன் பண்ணு, மெயில் போடு, ஸ்கேன் பண்ணு, மெயில் போடு. ரெண்டு மாசத்தில் என் மெயில் பெட்டி நிரம்பி வழிந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை புது மெயில் எதுவும் உள்ளே வரவில்லை. இடமில்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. கடை நிறையக் கூட்டம். ஓடிபி வராமல் ஒருத்தர் முனகுகிறார், இன்னொருத்தர் "சீக்கிரம்மா, பஸ்ஸ நிறுத்திடப் போறானுங்க" என்று மேஜையைத் தட்டுகிறார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. இணைப்பு உள்ள மெயில்தானே இடத்தை அடைக்கிறது, அதை மட்டும் தேடி எடுப்போம் என்று தேடினேன். எல்லாவற்றையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன். பழையதை மட்டும் என்று தேதி போட்டுப் பிரித்திருக்க வேண்டும், போடவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பிழைத்திருப்பேன், அழித்தது குப்பைத் தொட்டியில் ஒரு மாசம் கிடக்கும். ஆனால் தொட்டியில் இருப்பதும் இடத்தை அடைக்குமே. தொட்டியையும் காலி செய்தேன். "பாத்தீங்களா, வந்துடுச்சு ஓடிபி" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

சனிக்கிழமை வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நர்ஸ் படிப்பு முடித்து இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணமாகி மலைக்குப் போய்விட்டாள், இரண்டு குழந்தைகள். மத்திய அரசாங்க நர்ஸ் வேலைக்கு என் கடையில்தான் விண்ணப்பம் போட்டாள், என் மெயிலில்தான். மலை ஜனங்களுக்கு உண்டான சலுகையைச் சேர்த்தும் அவளுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இது போனால் அவ்வளவுதான். மலையில் அவள் இருக்கும் இடத்தில் டவர் கிடைக்காது என்பதால், மாசம் இரண்டு முறை பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

"அக்கா, என்கூடப் படிச்சவளுக்கு மெயில் வந்துடுச்சாம். சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டிருக்காங்களாம். ஆளுக்கு ஒரு தேதியாம். எனக்கு வந்துச்சாக்கா? ரெண்டு நாளா பஸ் இல்ல, இல்லன்னா வியாழக்கிழமையே வந்திருப்பேன்."

அவள் பெயரைத் தேடினேன், ஒன்றுமில்லை. வந்து நான் அழித்தேனா, வரவேயில்லையா? தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னேன்.

"இன்னும் வரலம்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பத்தில் இருந்த அலுவலக நம்பருக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், யார் எடுப்பார்கள்? மெயில் கம்பெனிக்குப் படிவம் ஒன்றை நிரப்பி, அழித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பத்து நாள் கழித்து முடியாது என்று பதில் வந்தது, அது வேறு விஷயம். என் அண்ணன் ரோட்டில் உட்கார்ந்து கேட்பது பங்கை. அப்படி ஒரு பங்கு ஒருத்தியைத் தேடி என் கடை வரைக்கும் வந்திருக்கலாம். வந்ததை நான் ஒரே தட்டில் தூக்கிப் போட்டிருக்கலாம். அப்போது எனக்கு வந்த அழுகையை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுது மூக்கைச் சிந்தும்போதுதான் பழைய போன் ஞாபகம் வந்தது. அதிலும் கடை மெயில் இருந்தது. என் வீட்டுக்காரர் பாட்டு கேட்க என்று அதை எடுத்துக்கொண்டு திரிவார். அவருக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போகிற தொழில். புதன்கிழமை கடையில் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. அந்த சிம்மில் நெட் கிடையாது, கடை வைபையில் மட்டும்தான் அதற்கு மெயில் வரும். அப்படியானால் புதன்கிழமை வரைக்கும் வந்த மெயிலெல்லாம் அந்த போனுக்குள் அப்படியே இருக்க வேண்டும். நான் அழித்தது அதற்கு இன்னும் தெரியாது. கடைக்குள் கால் வைத்தால் தெரிந்துவிடும், அதுவும் அழித்துவிடும். பதறிப்போய் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஆலை வாசல்லதான் நின்னுக்கினு இருக்கேன். எனக்கு முன்னாடி இன்னும் இருவது வண்டி நிக்குது."

"கடைப் பக்கம் வராதீங்க!"

"இன்னாடி, அடிதடியா அங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த போன நோண்டாதீங்க. யாரு கிட்டயும் நெட்டு வாங்கிப் போடாதீங்க. நான் காலைல அங்க வரேன்."

"பாட்டு கேக்கலாமா, கூடாதா?"

"எனக்கு வாயில வந்துடும், பேசாம வைங்க."

கடையில் இருக்கிற மோடத்தைப் பிடுங்கிப் போட்டால் போதுமே, அவர் தாராளமாக வரலாமே என்று அப்போது தோன்றவில்லை. அத்தனை வருஷம் கம்ப்யூட்டர் கடை நடத்தியவளுக்கு அவ்வளவுதான் மூளை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். ஆலை முன்னால் வரிசையில் நின்ற டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்து, முதலில் போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றினேன். பிறகு மெயிலைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. விரல் வலிக்கத் தள்ளித் தள்ளிப் போய் திங்கட்கிழமையில் அவள் பெயரைக் கண்டுபிடித்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, சென்னை. அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும், வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை. இணைப்பில் இருந்த படிவம் மட்டும் திறக்கவில்லை, அது எல்லாருக்கும் ஒரே படிவம்தான், கூடப் படித்தவளிடம் வாங்கிக்கொள்ளலாம். என் போனால் அந்த மெயிலைப் படம் எடுத்தேன். அதையும் நம்பாமல் ஒரு தாளில் கையாலும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்மாந்தூரம் வந்த?" என்றார். ஆமாம் என்றேன்.

கடைக்கு வந்து அச்செடுத்துக்கொண்டு, அன்றைக்கும் மலைக்கு பஸ் சரியாக ஓடாததால், ஜீப் பிடித்து மலை ஏறினேன். அவள் வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"வந்துடுச்சாக்கா?"

"திங்கக்கிழமையே வந்துடுச்சு. நான்தான் பாக்காம அழிச்சுட்டேன். நேத்து நீ கேட்டப்பவே எனக்குச் சந்தேகம். பயந்துக்கினு வரலன்னு சொல்லிட்டேன். நாளான்னிக்குத் தேதி."

தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அழிச்சத உடுங்கக்கா, கை தவறும். எனக்கும் தவறியிருக்குது. ஆனா ஆஸ்பத்திரியில தவறுனா உடனே சொல்லிடணும். சொன்னா பொழைக்க வச்சிடலாம், மறைச்சாதான் உசுரு போவும். நேத்து என் மூஞ்சப் பாத்து வரலன்னு சொன்னீங்களே, அது இன்னாத்துக்குக்கா?"

அவள் மாமியார் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மலை இறங்கினேன். திங்கட்கிழமை விடிந்ததும் அவள் கிளம்பி, ஜீப்பும் பஸ்ஸும் மாறி மாறி ஏறிச் சென்னை போய்ச் சேர்ந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் கடைக்கு வந்தாள். சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்ததாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்குன்னு தனியா ஒரு மெயில் போட்டுக் குடுங்கக்கா. இனிமே அதுலதான் வரணும்னு அவங்களுக்கு எழுதியும் போடணும்."

பெயர், பிறந்த தேதி, அவள் நம்பர், அவள் புருஷன் நம்பர் என்று வரிசையாகத் தட்டினேன். பாஸ்வேர்ட் கட்டம் வந்ததும் பழக்கதோஷத்தில் நானே ஏதோ தட்டப் போனேன்.

"அத நான் போட்டுக்கறேன். நீங்க கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கங்க."

சுருக்கென்றது. எழுந்து சுவரைப் பார்த்து நின்றேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவது கேட்டது. இரண்டாம் முறையும் தட்டினாள். முடிந்தது என்று சொல்லும் வரைக்கும் நான் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு யாருக்கும் என் மெயிலைக் கொடுக்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்கக்கா, நாங்க எங்க போயிப் பாக்கறது?" என்று முறைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விட்டேன். இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு மெயில் போட்டு, பாஸ்வேர்டை அவரவர் நோட்டில் அவரவர் கையாலேயே எழுத வைத்தேன். சிம் மாற்றினால் முதலில் மெயிலில் நம்பரை மாற்று, அப்புறம் பொண்டாட்டியிடம் சொல் என்று திட்டித் திட்டிப் பழக்கினேன். வேலை சம்பந்தமாக எது வந்தாலும் அன்றைக்கே அச்செடுத்து வீட்டில் வைக்கச் சொன்னேன். என் பழைய பெட்டியில் மிச்சம் இருந்ததை வாராவாரம் ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். குப்பைத் தொட்டியை மட்டும் அதன் பிறகு நான் தொட்டதே இல்லை, தானாகக் காலியானால் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில மாசம் கழித்து வெள்ளிமலை ஜீப் டிரைவர் ஒருத்தர் ஆதார் ஸ்கேன் பண்ண வந்தார். பேச்சுவாக்கில் அவளை விசாரித்தேன்.

"உங்களுக்குத் தெரியாதா? அவங்களுக்கு வேல கெடச்சு, சேந்தே பத்து நாளாவுதே. டவர் கெடைக்கற எடத்துக்கு டெய்லி நடந்து போயி மெயில் பாத்துக்கினு இருந்தாங்க. ஒரு நாளு அங்கயே உக்காந்து அழுதாங்க. இன்னாமோ ஏதோன்னு ஓடிப் போயிப் பாத்தா, ஆர்டர் வந்துடுச்சுங்கறாங்க."

"அட தாயே!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்கு வந்ததை அவளே திறந்து, அவளே முதலில் படித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. டிரைவர் நீட்டிய ஆதார் அட்டையை வாங்கி ஸ்கேனரில் வைத்து, "உங்க மெயில் எதுங்க, சொல்லுங்க" என்றேன்.