ஓடைச் சரிவில் பதினெட்டு வீடு

மலைமேல் அரியூர் நாட்டில் இருபது வருஷமாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்குகிறவள் பாப்பாத்தி. எந்தக் காட்டு மண் எப்படி என்று அவள் கைக்குத் தெரியும். நல்ல மண்ணில் இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். ஓடைச் சரிவிலோ ஒற்றைக் கையால் இழுத்தாலே தூரோடு வந்துவிடும். ஐப்பசி மழைக்கு அங்கே வருஷா வருஷம் வரப்பே சரிந்து ஓடைக்குள் போகும். அதனால் அந்தச் சரிவில் எவனும் ஒரு மாட்டுக் கொட்டகைகூடப் போட்டதில்லை.

மாட்டுக்கு ஆகாத இடத்தைத்தான் சர்க்கார் மனுஷருக்கு ஒதுக்கியது. பதினெட்டு தொகுப்பு வீடு. பட்டியலில் பாப்பாத்தி பெயரும் இருந்தது. ஒழுகுகிற தகரத்துக்கடியில் அண்டா வைத்துக் காலம் தள்ளுகிறவள், வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். அளக்க வந்த இன்ஜினியர் முன்னால் ஒரு செடியைப் பிடுங்கிப் போட்டாள்.

"ஏனுங்க சார், கிழங்கையே புடிச்சு வெக்காத மண்ணு ஊட்டப் புடிச்சு வெக்குமாங்க? மேட்டுல தரிசு சும்மாதான கெடக்குது, அங்க கட்டிக் குடுங்க."

"அங்க லாரி ஏறாதும்மா. மண்ணு நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வந்தாச்சு. வேண்டாம்னா எழுதிக் குடுத்துடுங்க, அடுத்த ஆளுக்குப் போயிரும்."

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற லாரிக்கு அந்த ஒரு மேடு ஏற முடியாதாம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போச்சு? ஊரே தலையாட்டியது. பாப்பாத்தி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். நாமக்கல்லுக்கு நாலு தடவை போய் மனுவும் கொடுத்தாள். மனு என்ன ஆனதென்று இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

அவள் விட்ட வீடு, பட்டியலில் அடுத்து இருந்த கோகிலாவுக்குப் போனது. கோகிலா அவள் பெற்ற மகள்.

"நீயும் வாங்க மாட்டே, நானும் வாங்கக் கூடாதா? என் புள்ளையும் தகரத்துக்குள்ளயே கெடக்கணுமாம்மா?" என்று கேட்டவள், அப்புறம் எட்டு மாசம் பேசவில்லை.

ஆவணியில் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். பாப்பாத்தி வாசலோடு நின்றுகொண்டாள். சுவருக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண் அப்போதே உதிர்ந்துகொண்டிருந்தது.

"நான் உள்ள வரமாட்டேன். மழை முடியற வரைக்கும் புள்ளைய மட்டும் எங்கிட்ட உடு கண்ணு."

சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டாள். கோகிலா உள்ளே போய், குழந்தையையும் ஒரு துணிப் பையையும் கொண்டுவந்து கொடுத்தாள். பை முன்பே கட்டி வைத்திருந்தது.

பாப்பாத்தி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாவி மகள், தெரிந்தேதான் குடி போகிறாள்.