மாதாவுக்குப் போட்ட சீரியல் செட்

வளைகுடா வேலையை விட்டு வந்த என் கணவர் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினார். மீன் பிடிக்க அல்ல, ஞாயிறுதோறும் சும்மா உலாப் போக. அன்று ஆறு மாதக் கர்ப்பிணியான என் தங்கையும் அடம்பிடித்து ஏறிக்கொண்டாள்.

கடியப்பட்டணம் கோயில் கோபுரம் சிறுத்துத் தெரிந்த இடத்தில் என் பாதம் நனைந்தது. பின்பக்கம் எங்கோ கசிந்து, உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வேகமாக ஓட்டினால் பின்பக்கம் அமிழ்ந்து இன்னும் ஏறும் என்று கணவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணீர் இறைக்கும் பம்பின் சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை.

ஹாரனை அழுத்தினார். அலறியது. ஆக, பேட்டரியில் குறையில்லை. ஃபியூசைக் கழற்றிப் பார்த்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. சுவிட்சில் வைத்தபோது எரிந்த டெஸ்டர் விளக்கு, பம்பின் முனையில் எரியவில்லை.

“இடையிலதான் எங்கயோ வயர் போயிருக்குட்டீ” என்றவர், சோற்றுத்தூக்கை எடுத்துத் தண்ணீரைக் கோரி ஊற்றத் தொடங்கினார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எங்களுக்கு ஒரு விரற்கடையே பெரிது. பேட்டரி கீழ்த்தட்டில் இருந்தது. அது நனைந்தால் எஞ்சினும் கிளம்பாது. உதவிக்குக் கூப்பிட ஒரு மீன்பிடி வள்ளமும் இல்லை. பூசை நாளான ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யார் கடலுக்குப் போவார்? முன்பக்கம் தங்கை வயிற்றை அணைத்தபடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயத்தைவிட, இந்தப் படகை வாங்கியவர் மேல் கோபம்தான் வந்தது.

இருக்கைக்கு அடியில் கைவிட்டு வயரைத் தடவிக்கொண்டே போனேன். டேப் சுற்றிய ஒரு முண்டு தட்டுப்பட்டது.

“இது யாரு போட்ட ஜாயிண்டு?”

“திருவிழாவுக்கு இந்தப் படகுல வச்ச மாதா சுரூபத்துக்கு சீரியல் செட்டு லைட்டு போட்டேம்லா... அதுக்கு இதுலேருந்து கரண்டு எடுத்தது.”

“பம்பு வயர்லயா? மாதா கேட்டாளா உங்ககிட்ட?”

டேப்பைப் பிய்த்தேன். உப்புக்காற்றில் செம்பெல்லாம் பச்சைக் களிம்பாகி, தொட்டதும் உதிர்ந்தது. கத்தியைத் தேட நேரமில்லை. இரண்டு முனைகளையும் பல்லால் கடித்து உரித்தேன், முறுக்கினேன். பம்பு ஒரு முறை முனகியது. பிறகு பக்கவாட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் கடலுக்குள் பாய்ந்தது.

பம்பு ஓட ஓட, எஞ்சினைக் கிளப்பி மெதுவாகக் கரைக்கு வந்தோம். மணலில் கால் வைத்ததும் தங்கை சிலுவை போட்டுக்கொண்டாள்.

“மாதாதான் காப்பாத்தினா, அக்கா.”

“ஆமா மக்கா” என்றேன். என் வாயில் அந்தக் களிம்பு இன்னும் கசந்துகொண்டிருந்தது. மணலில் துப்பிவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.