பென்சன் இல்லாத ஓய்வு

நீண்ட காய்ச்சலால் தளர்ந்திருந்தும், அதை வீட்டுக்குச் சொல்லாமல் பல்கலைக்கழக இறுதியாண்டுச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்நாட்களில், கல்லடியில் உள்ள பாடசாலை ஒன்றுக்கு வந்த முன்னாள் ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனையின் ஆங்கிலப் பேச்சை மொழிபெயர்க்க நேர்ந்தது. நாடு நாடாக ஆடியவர், கடைசி ஆட்டத்தின் நடுவே முழங்கால் வலியால் ‘ரிட்டயர்’ ஆனதாகச் சொன்னார். நான், “ஓய்வு பெற்றார்” என்றேன்.

“அப்ப பென்சன் வருமா அக்கா?” என்றாள் ஒரு மாணவி.

மண்டபம் சிரித்தது. கேள்வியை நான் விளக்கியதும் அவரும் சிரித்து, பிறகு மெல்லப் பதில் சொன்னார். அதை எங்கள் பேச்சிலேயே சொன்னேன்:

“பென்சன் இல்லையாம் பிள்ளையள். ஆட்டத்தை இடையில விட்டவவாம், டென்னிஸில அதையும் ‘ரிட்டயர்’ எண்டுதான் சொல்லுறதாம். இனி ஏலாது எண்டு வாய் திறந்து சொன்னதுதான் எல்லாத்திலயும் கஷ்டமாம்.”

அந்த ‘ஏலாது’வை நான் வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மாலையில் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். “அம்மா, இந்த முறை சோதனை எழுத எனக்கு ஏலாது.”

“அதுக்கென்ன மகள், வீட்டுக்கு வா.”

களைப்பு இன்னும் தீரவில்லை. அதை மறைக்கும் வேலை மட்டும் முடிந்துவிட்டது.