பாட்டு நின்ற பிறகும்

பாபநாசத்தில் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் பாகீரதி தமிழ் டீச்சர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கட்டுரை வகுப்புக்கு ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள். கேசட் ஓடும். எட்டாம் வகுப்புப் பெண்கள் மனசில் தெரிவதை எழுத வேண்டும். தலைப்பு கிடையாது.

நாகசுரம் கேட்டால் பல பேர் வெயிலை எழுதினார்கள். வில்லுப்பாட்டின் உடுக்கை ஒருத்திக்கு மழைக்கு முன்னால் ஓடும் ஆடுகளைக் காட்டியது. ஏதோ மேல்நாட்டு வயலினைப் போட்ட அன்று, பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை இசக்கித்தாய், தான் பார்த்தேயிராத பனியைப் பற்றிப் பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். பாகீரதி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவர் வைத்திக்குப் படித்துக் காட்டினாள்.

அந்த வருஷங்களில்தான் அவளுக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது. முதலில் புல்லாங்குழல் போயிற்று. பிறகு வயலின். வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று வைத்தியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளின் தோள்களைப் பார்த்தே பாட்டைப் பின்தொடர்ந்தாள். பென்சில் நின்று, முகங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினால் பாட்டு நல்ல இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்காத பகுதியை ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொள்வாள். சில நாள் அது கேசட்டில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

ஓர் ஐப்பசி மதியம் மேகம் மலையை விட்டு இறங்கி, வகுப்பறை பாதி இருட்டிவிட்டது. வீணையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மனசுக்குள் வீணை நீண்டுகொண்டே போயிற்று. கண் திறந்தபோது பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். இசக்கித்தாய் மட்டும் எழுந்து வந்து, அவள் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பாட்டு நின்னு நேரமாச்சு, டீச்சர். கரண்ட் போயிட்டு."

அவர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும் என்பது அந்த நிதானத்திலேயே பாகீரதிக்குப் புரிந்துவிட்டது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்கல்லா. நாங்களும் அப்படியே இருந்துட்டோம். ஆத்துச் சத்தம் வந்துச்சு. அதைத்தான் எழுதுதோம்."

அன்று சாயங்காலம் தலைமையாசிரியர் நேசையாவிடம் அவளே போய்ச் சொன்னாள். பக்கத்து அறையில் கணக்கு நடத்தும்போது இந்தப் பாட்டுத் தொந்தரவு தாங்கவில்லை என்று அடிக்கடி சலித்துக்கொண்டவர் அவர்.

"கேக்குததுக்குப் பிள்ளைங்க இருக்குல்லா, டீச்சர். பெறகென்ன?" என்றார்.

திருநெல்வேலியில் காதுக்கு மிஷின் வாங்கினார்கள். பேச்சு விளங்கிற்று, பாட்டு மட்டும் தகரத்தைத் தட்டுவது போலிருந்தது. அதனால் கட்டுரை வகுப்பில் அதைக் கழற்றிவிட்டு, டேப் ரெக்கார்டர் இருந்த மேஜையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். உடுக்கை மணிக்கட்டு வரை ஏறும். வீணை விரல் நுனியில் கூசுவதோடு சரி.

கேசட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். என்ன ஓடுகிறது என்று சொல்லக் கூடாது என்பது புது ஏற்பாடு. பாகீரதியும் அவர்களோடு உட்கார்ந்து எழுதினாள். ஒருநாள் அவள், குளம் நிறைய மீன்கள் ஒன்றாக வாலை ஆட்டுவதை எழுதி வாசித்தாள். ஓடியது கோயில் கொடைத் திருவிழாவில் பதிந்த நையாண்டி மேளம். வகுப்பே சிரித்தது.

இசக்கித்தாய் சிரிக்கவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டி, மீன்கள் எங்கே வருகின்றன என்று மறுபடி கேட்கத் தொடங்கினாள்.