நான் துடைத்த பன்னிரண்டு டப்பாக்கள்

எங்கள் சந்திர மண்டலம் திருவான்மியூர் மணலில் இருந்தது. அடையாறு பாலத்தைத் தாண்டி மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனால், அந்நாளில் கண்ணுக்கெட்டிய வரை மணலும் தாழம்புதரும்தான். பனைமரம் ஒன்றுகூடப் படத்தில் விழாத இடமாகத் தேடிப் பிடித்தோம். சந்திரனில் பனைமரம் கிடையாது என்று அத்திம்பேருக்கு விளக்கிச் சொன்ன மகா விஞ்ஞானி நான்தான்.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் அது. அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர், சொந்தமாகச் சினிமா எடுக்கக் கிளம்பியிருந்தார். "புராணமும் வேண்டாம், ராஜா ராணியும் வேண்டாம். சயன்ஸ் படம் எடுக்கப்போறேன். நீ காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லித் தரயோல்லியோ, கதையை நீயே எழுதிடு" என்றார். எழுதினேன். மயிலாப்பூர் வாலிபன் ஒருவன் தகரக் கப்பலில் சந்திரனுக்குப் போகிறான். அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல், அம்மா பொரிக்கும் அப்பளத்தை நினைத்துக்கொண்டு திரும்பி வருகிறான். இவ்வளவுதான் கதை. உலகத்திலேயே யாரும் யோசிக்காத கதை என்று அப்போது நம்பினேன்.

எந்த ஸ்டூடியோவும் எங்களைச் சீந்தவில்லை. தி. நகரில் அத்திம்பேர் வீட்டுக் கார் ஷெட்தான் எங்கள் ஸ்டூடியோ. அக்காவின் பித்தளைத் தவலையில் ஜன்னல் வெட்டிக் கண்ணாடி பதித்துக் கதாநாயகன் தலையில் கவிழ்த்தோம். வெயிலில் தவலை சூடேறி, அவன் சந்திரனில் இறங்கிய ஐந்தாவது நிமிஷம் மயக்கம் போட்டு விழுந்தான். அந்த விழுகையையும் விடாமல் படம் பிடித்தார் பாய்.

பாய்தான் எங்கள் காமிராமேன். ராயப்பேட்டைக்காரர், நாற்பது வயது இருக்கும். பெரிய ஸ்டூடியோ ஒன்றில் எட்டு வருஷம் காமிரா ரிப்பேர் செய்தவர். திருகாணி திருகாணியாகக் காமிராவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த அவரை, ஒரு நாளும் அதன் வழியாகப் பார்க்க விடவில்லை அங்கே. "படத்துல உங்க பேரைத் தனியா ஒரு கார்டு போட்டுக் காட்டறேன், காமிராமேன்னு" என்று அத்திம்பேர் சொன்ன வார்த்தைக்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். யுத்தத்தில் அடிபட்ட பழைய காமிரா ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து உயிர் கொடுத்தார். படம் ஓடாவிட்டால் அத்திம்பேர் பழையபடி தன் ஏஜென்ஸி வியாபாரத்தை நடத்துவார், நான் காலேஜுக்குப் போவேன். பாய்க்குத் திரும்பிப் போக இடம் இல்லை. இது எனக்கு அப்போதே தெரியும்.

ஃபிலிம் கிடைப்பது அந்நாளில் குதிரைக் கொம்பு. அங்கே இங்கே மிஞ்சிய சுருள்களைச் சேர்த்து, இருட்டறையில் வைத்துச் சின்னச் சின்னதாகச் சுற்றி, ஒரே மாதிரியான தகர டப்பாக்களில் அடைத்து ஒட்டுவார் பாய். எல்லா டப்பாவும் பார்வைக்கு ஒன்றுதான். படம் எடுத்து முடித்த டப்பாவின் மூடியில் மட்டும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு. ஃபிலிம் கழுவும் லாபரட்டரியில் எங்களுக்கு முறை வராததால், சந்திரன் காட்சிகள் முழுவதும் ஆறு டப்பாக்களில் கழுவாமலே ஷெட்டில் காத்திருந்தன. பக்கத்தில் படம் எடுக்காத ஆறு டப்பா.

ஆயுத பூஜை வந்தது. முதல் நாளே பாய் காமிராவைத் துடைத்துப் பளபளவென்று மேஜைமேல் வைத்தார். "பூஜைக்கு ரெடியா கீது சார். சந்தனம் வெச்சா மேல வெய்யுங்க, கண்ணாடில வேணாம். டப்பாங்கள மட்டும் தொடாதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்திம்பேருக்கு வீட்டுக்குள் பூஜை. ஷெட்டில் பூஜை என் பொறுப்பு.

காலேஜில் சகுனத்தையும் ஜோசியத்தையும் பரிகாசம் செய்கிற ஆள் நான். ஆனாலும் பூஜை என்று வந்தால் மடி ஆசாரம் தலைக்கேறிவிடும். காமிராவுக்குப் பூஜை உண்டு, ஃபிலிமுக்கு இல்லையா என்று தோன்றியது. பன்னிரண்டு டப்பாவையும் எடுத்தேன். ஈரத்துணியால் ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்து, சுவாமி படத்துக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று அடுக்கினேன். மணல் ஒட்டியிருந்தது, அதனால் துடைத்தேன் என்று வெகு காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மணலுக்கு உலர்ந்த துணி போதும். பாய் கை பட்ட டப்பாவை அப்படியே சுவாமி முன்னால் வைக்க மனசு ஒப்பவில்லை. அதற்குத்தான் தண்ணீர். அவர் டம்ளரில் காப்பி வாங்கிக் குடித்து, தோளில் கை போட்டுச் சிரித்துப் பேசியவன்தான் நான். எழுதும்போது கூசுகிறது.

கற்பூரம் காட்டிய பிறகுதான் குறிகளின் ஞாபகம் வந்தது. எந்த ஆறு எந்தப் பக்கம் வைத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். வலது பக்கம்தான் சந்திரன் என்று பட்டது. மறுநாள் காலையில் பாய் வருவதற்கு முன்னால் போய், சந்தனத்தைத் துடைத்து, வலது பக்கத்து ஆறு மூடியிலும் அவரைப் போலவே சாய்வாகப் பெருக்கல் குறி போட்டேன். சொல்லியிருந்தால் பன்னிரண்டையும் அப்படியே லாபரட்டரிக்கு அனுப்பியிருக்கலாம். ஆறு டப்பா வீணாகியிருக்கும், சந்திரன் பிழைத்திருக்கும். தொடாதே என்று சொன்ன மனுஷரிடம் தொட்டேன் என்று சொல்ல எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

குறி இல்லாத ஆறு டப்பாவில் மயிலாப்பூர் வீட்டுக் காட்சிகளை எடுத்தார் பாய். சமையலறை, அம்மா, வழியனுப்புதல். அதற்கு முன் அவர் அவ்வளவு உற்சாகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு என்னைப் பார்த்து, "இன்னா சார், சரியா வந்துக்கினு கீதா?" என்று கேட்பார்.

பன்னிரண்டு டப்பாவும் சேர்ந்து கோடம்பாக்கத்துக்குப் போய்க் கழுவி வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நான் குறி போட்ட முதல் ஆறு சுருளில் ஒன்றுமே இல்லை. அடுத்த ஆறில் எல்லாம் இருந்தது. மணலில் தவலைத் தலையன் நடக்க, அவன் வயிற்றுக்குள் அடுப்பு எரிந்தது. தகரக் கப்பலின் மேல் அம்மா அப்பளம் பொரித்தாள். மயங்கி விழுந்தவன் நேராக எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தான். லாபரட்டரி ஆசாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எடுத்த ஃபிலிம்லயே திரும்ப எடுத்திருக்கீர்" என்றார் அத்திம்பேர். அவர் குரலை உயர்த்தவில்லை. "சந்திரனே போயிடுத்து ஓய்."

"குறி போட்ட டப்பாவ நான் தொடவே இல்ல சார்" என்றார் பாய். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான ஷெட்டுல இருந்தீங்க. பூஜையில டப்பாங்கள எடுத்தீங்களா சார்?"

அவர் கேட்ட தொனியில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தொடவேயில்லையே பாய்" என்றேன்.

அவர் உடனே நம்பினார். அதுதான் என்னைக் கொன்றது. தலையை ஆட்டி, தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்போ நான்தான் மாத்திட்டேன்" என்றார்.

மறுபடி எடுக்க வழியில்லை. ஃபிலிம் தீர்ந்துவிட்டது. மணலில் விட்டிருந்த தகரக் கப்பலை ஐப்பசி மழை ஒரு வழி பண்ணிவிட்டது. அத்திம்பேர் ஏஜென்ஸிக்குத் திரும்பினார். பாயின் கதை மட்டும் கோடம்பாக்கம் முழுவதும் சிரிப்பாய்ச் சிரித்தது. ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை எடுத்த ஆள் என்று ரிப்பேருக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. அத்திம்பேர் பாயை ஆத்திரப்பட்டுத் திட்டும்போதெல்லாம் நான் மோர் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து, மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவரைப் பார்த்தேன். கடிகார ரிப்பேர் கடை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்திருந்தவர் நிமிர்ந்து, "அட, சார்" என்று எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். அத்திம்பேரை விசாரித்தார், அக்காவை விசாரித்தார். நான் அவர் வீட்டை விசாரித்தேன்.

"ஒண்ணு கேக்கணும் சார்" என்றார். "அது இன்னிக்கும் வெளங்கல எனக்கு. இங்க ஒரு ஸ்பிரிங்க பூட்டினா மூணு தபா தொட்டுப் பாக்குறேன். பூட்டினோமா இல்லியான்னு டவுட்டாவே கீது. எம் பொண்டாட்டி சிரிக்கிறா. நீங்க சயன்ஸ் படிச்சவரு. அந்த டப்பாங்க என் கை இல்லாம மாற ஏதாச்சும் வழி கீதா?"

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அந்த ஸ்டூலிலிருந்து எப்படி எழுந்து தெருவுக்குப் போவது என்று தெரியவில்லை.

"வழியில்லை பாய்" என்றேன். "டப்பா தானா மாறாது."

"அதான் நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

பாய் தமிழ் பேசுவாரே தவிர, அவருக்குப் படிக்க வராது. வீட்டில் உருதுதான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறாயா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.